முழு வேகத்தில் நின்றுபோகும் பழைய மோட்டர்: பெற்றோல் வரும் வழியைச் சோதித்தது

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நாங்கள் ஓட்டும் சிறிய படகில் இருப்பது, பெற்றோலுடன் ஒயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய, 15 குதிரைவலு கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டர். கரையோரமாக மெதுவாகப் போகும்வரை அதில் குறையொன்றும் தெரியாது. வேகத்தை முழுதாகக் கூட்டிச் சில நிமிடங்கள் ஓடியதும் இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடும். சற்றுப் பொறுத்துக் கயிற்றை இழுத்தால் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

"மலையில் காற்று குறைவு, கரையோர ஊர்களுக்குச் செய்த காபரேட்டர் இங்கே சரிவராது, ஜெட்டை மாற்றுங்கள் தம்பி" என்பதுதான் ஹட்டனில் விசாரித்தபோது கிடைத்த பதில். பெற்றோலையும் காற்றையும் கலந்து மோட்டருக்குக் கொடுப்பது காபரேட்டர்; அதில் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைதான் ஜெட். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருப்பதும், அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதும் உண்மையே. ஆனால், காற்று குறைந்தால் கலவையில் பெற்றோல் விகிதம் கூடும். தீப்பொறி தரும் பிளக் கறுத்து ஈரமாக இருக்கும். நின்றுபோன கையோடு கழற்றிய பிளக்கோ வெளிறி உலர்ந்திருந்தது. அதோடு, இழுவை விழும் நேரத்தில், டாங்கியிலிருந்து மோட்டருக்குப் பெற்றோல் வரும் குழாயின் நடுவிலுள்ள றப்பர் குமிழைக் கையால் அமுக்கினால் மோட்டர் உடனே சீறிக்கொண்டு எழுந்தது. ஆகவே பெற்றோல் கூடவில்லை, போதவில்லை என்பது தெளிவாயிற்று.

இந்த நிலையில் குமிழை அமுக்கி அமுக்கியே ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஒயில் போவதும் அதே பெற்றோலில்தான். எங்கள் கலவையில் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறைந்து, சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும்.

காபரேட்டரைப் பிரிப்பதற்கு முன்பாக, இன்னொரு படகின் டாங்கியையும் குழாயையும் இரவல் வாங்கிப் பொருத்தி ஓட்டினோம். மோட்டர் முழு வேகத்தில் தடையின்றி ஓடியதால், பெற்றோலை உறிஞ்சும் பம்பின் டயபிரமும் (அதிலுள்ள மெல்லிய சவ்வு), காபரேட்டருக்குள் பெற்றோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வும் குற்றத்திலிருந்து விடுபட்டன. மிஞ்சியது எங்கள் டாங்கியும் குழாயும்.

இங்கே றப்பர் குமிழே நல்ல சாட்சி. டாங்கி மூடியின் காற்றுத் திருகு அடைத்திருந்தாலோ, உள்ளே உறிஞ்சும் குழாயின் வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்திருந்தாலோ, ஓடும்போது குமிழ் சப்பையாக ஒட்டிப்போகும். எங்களுடையது ஒட்டவில்லை, எவ்வளவு அமுக்கியும் இறுகாமல் மெதுமெதுவென்றே இருந்தது. எங்கோ காற்றை இழுக்கிறது என்பதற்கு அது அடையாளம். டாங்கிக்கும் குமிழுக்கும் இடைப்பட்ட பகுதியில் உறிஞ்சல் மட்டுமே இருப்பதால், ஓட்டை இருந்தாலும் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. கசிவைத் தேடிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருபோதும் அகப்படாது.

குழாயைக் கழற்றி, உள்ளிருந்த பெற்றோலை வடித்து, ஒரு நுனியை அடைத்து, மறு நுனியில் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தினோம். நேராக நீட்டியபோது எதுவும் வரவில்லை. டாங்கிப் பக்கத்துக் கிளிப் அருகே சற்று வளைத்ததும், கிளிப்பின் விளிம்புக்கு அடியிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. கிளிப்பை அகற்றிப் பார்த்தால், பளபளப்பான மேற்பரப்பில் நகக்கீறல் போன்ற ஒரு வெடிப்பு. வெடித்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி செருகலாம் என்றும் சொன்னார்கள்; முழு றப்பரும் காய்ந்திருந்ததால் குழாயையே மாற்றினேன், கனெக்டரிலுள்ள ஓ றிங் என்ற றப்பர் வளையத்தையும் சேர்த்து.

இப்போது குமிழ் கல்லாக இறுகுகிறது, படகும் அணைக்கட்டுப் பக்கம்வரை முழு வேகத்தில் நிற்காமல் போய்வருகிறது. மெதுவான ஓட்டத்தில் மட்டும் புகை சற்று அதிகம், பிளக்கிலும் கரி படிகிறது. உயரத்தின் வேலை இதுவாக இருக்கலாம் என்பதால், காபரேட்டரின் காற்றுத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஜெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.