வாரண்டியில் ஹார்ட் டிஸ்க் மாற்றிய அனுபவம்

லேப்டாப் வாங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது. மகளின் பழைய படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் திரை அப்படியே உறைந்துவிடும். ஒரு நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல ஓடும். வைரஸாக இருக்கும், விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும் என்று இரண்டு வாரம் கடத்திவிட்டேன். ஓர் இரவு வீடே அடங்கியிருந்தபோதுதான் சத்தம் காதில் விழுந்தது. உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு அடியில் 'டிக்'. கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'டிக்'.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கைத்தான் அது காட்டுகிறது. அதில் மூன்று வரிகள் முக்கியம். 05 என்பது கெட்டுப்போய், உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டுகள். சி5 என்பது படிக்க முடியாமல், என்ன செய்வதென்று முடிவாகாமல் நிற்பவை. சி6 என்பது டிஸ்க் தானே சோதித்தும் சரிசெய்ய முடியாதவை. எனக்கு சி5-இல் 28 என்று இருந்தது. அந்த மென்பொருள் பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் பதினாறடிமான எண்ணில் காட்டும், அதாவது உண்மையில் 40. மறுநாள் மாலை அதே இடத்தில் 68, அதாவது 104. எண் எவ்வளவு என்பதைவிட ஒரே நாளில் ஏறியதுதான் என்னைப் பயமுறுத்தியது.

டிஸ்க் பிழைகளைத் திருத்த விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் கருவியை ஓட்டிச் சரிசெய்துவிடலாம் என்று கை போனது. நல்லவேளையாக அலுவலக நண்பர் தடுத்தார். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்து, அதன் மேலேயே திருத்தியும் எழுதுகிற வேலை அது. நகல் எடுக்காமல் அதைத் தொடவே கூடாது என்றார்.

சாதாரணமாக காப்பி செய்தால் கெட்ட ஃபைல் ஒன்றில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதனால் யூஎஸ்பியில் லினக்ஸ் போட்டு பூட் செய்து, பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டினேன். இதன் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதல் சுற்றில் நன்றாகப் படிக்க வருவதை எல்லாம் எடுத்துக்கொள்ளும், கஷ்டமான இடங்களைத் தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்த சுற்றுகளில்தான் அவற்றிடம் திரும்பி வரும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் ஃபைலைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். பெரும்பகுதி ஓர் இரவில் வந்துவிட்டது. கடைசித் துளிகளுக்கு மறுநாள் முழுக்க ஆனது.

அப்புறம்தான் வாரண்டி. டிஸ்க்கின் சீரியல் எண்ணை அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டேன். லேப்டாப்போடு சேர்த்து விற்றது, அவர்களிடமே கேளுங்கள் என்று வந்தது. லேப்டாப் நிறுவனத்தைக் கூப்பிட்டால், "சார், விண்டோஸை ஒருமுறை ரீஇன்ஸ்டால் செய்து பாருங்கள்" என்றார்கள். நான் காட்டிய சி5 கணக்கு அவர்களுக்குப் போதவில்லை. அவர்களுக்கு வேண்டியது அவர்களுடைய சொந்தச் சோதனை தரும் பிழைக் குறியீடு.

விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் பயாஸுக்குள்ளேயே அந்தச் சோதனை இருந்தது. முதலில் குறுஞ்சோதனை ஓட்டினேன், இரண்டே நிமிடத்தில் பாஸ்! இதை நம்பி விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். குறுஞ்சோதனை டிஸ்க்கின் சிறு பகுதியைத்தான் தொட்டுப் பார்க்கிறது. முழுப் பரப்பையும் படிக்கும் நெடுஞ்சோதனையை ஓட்டியதும் ஃபெயில் ஆகி, நீளமான குறியீடு ஒன்று திரையில் வந்தது. அதை போனில் படமெடுத்து அனுப்பினேன். அடுத்த அழைப்பு பத்து நிமிடம்கூட ஆகவில்லை, புகார் எண் கிடைத்துவிட்டது.

பழைய டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். சில வாரண்டித் திட்டங்களில் டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ளலாம், என்னுடையதில் அது இல்லை. வங்கி விவரம், குடும்பப் படங்கள் எல்லாவற்றோடும் யார் கையிலோ கொடுக்க மனம் வரவில்லை. எடுத்த நகலைத் திறந்து சரிபார்த்துவிட்டு, டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதி அழித்தேன். இதில் வரிசை முக்கியம். அழிப்பதற்காக மேலே எழுதும்போது, சி5-இல் முடிவாகாமல் நிற்கும் செக்டர்கள் உதிரி இடத்துக்கு மாறியோ தேறியோ சி5 பூஜ்யமாகிவிடக்கூடும். பிறகு டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். புகார் எண்ணும் பிழைக் குறியீட்டின் படமும் கையில் வந்த பிறகே அழிக்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் பழைய, புதிய டிஸ்க் இரண்டின் சீரியல் எண்களையும் ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனாலும் எழுதிக் கொடுத்தார்கள். மாற்றித் தந்தது பழுதுபார்க்கப்பட்ட டிஸ்க். அதற்கு லேப்டாப்பில் மீதமிருக்கும் வாரண்டி மட்டும்தான், புதிதாக எதுவும் தொடங்காது. தாளில் சின்ன எழுத்தில் இருந்தது, கையெழுத்துப் போடும் முன் படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் 05, சி5, சி6 பார்த்தேன். மூன்றும் பூஜ்யம். பிறகு படங்களை ஏற்றினேன். மொத்தத்தில் மூன்று படங்கள்தான் சேதம், மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாகவும் நிற்கின்றன. ஒன்றில் மகளின் முகம் வரை வந்திருக்கிறது. அதை அழிக்கவில்லை.