அப்பத்தா எழுந்திருக்கிற 4 வினாடி

கேரக்டர் அனிமேஷன் வகுப்பில் இந்த வாரப் பாடம்: வயதான ஒருவர் தரையிலிருந்து எழ வேண்டும். கணினியைத் தொடும் முன் நாமே நடித்து வீடியோ எடுக்க வேண்டும். காரைக்குடி வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், தூணோரம் போனைச் சாய்த்துவைத்து, முதுகை வளைத்து, கையை நடுக்கி நடித்தேன். பார்த்த பயிற்சியாளர், "இது கிழவி இல்லை, நாடகக் கிழவி" என்றார்.

சரி என்று அப்பத்தாவிடமே போனேன். "எந்திரிக்கிறதை எதுக்குடா படம் புடிக்கிறே?"

கேட்டுக்கொண்டே எழுந்ததைப் படம் பிடித்தேன். வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தால் நடுக்கமே இல்லை! முதலில் கண் தூணைத் தேடுகிறது. அப்புறம்தான் தலை, தோள். உள்ளங்கை தரையின் ஆத்தங்குடிக் கல்லில் அழுந்துகிறது; உடம்பு முன்னால் சாய்ந்து, எடை பாதத்துக்கு வந்தபின்தான் இடுப்பு மேலே எழுகிறது. நின்றதும் சேலையை ஒரு இழுப்பு. அதை நான் யோசித்தே இருக்க மாட்டேன்.

பிரேம் பிரேமாக அப்படியே பிரதி எடுத்தால் கணினியில் அசையும் பொம்மை உயிரற்றுப் போகிறது, அதையும் செய்து பார்த்தாச்சு. முக்கியமான 6 நிலைகளை மட்டும் எடுத்து, முன்சாய்வைக் கொஞ்சம் கூட்டினேன். பொம்மைக்கு உடம்பின் எடை வந்துவிட்டது. சேலை இழுப்புதான் இன்னும் படியவில்லை. நாளைக்கு மறுபடி உட்கார்ந்து எழ வேண்டும் என்றதும் அப்பத்தா கூலி கேட்கிறார்: ஒரு கவுளி வெற்றிலை.