கத்திரி வெயிலில் மரம் பார்ப்பவர்கள்: ஒரு கோடை நாட்குறிப்பு

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாளிலா மரம் பார்க்கும் நடை வைப்பீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. வைத்தாகிவிட்டது. காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்தபோது சத்துவாச்சாரியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு பாட்டி கையில் விசிறி.

இடம் தெரியாதவர்களுக்கு: கணியம்பாடியில் திரும்பி அமிர்திப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது இந்த மரத்தோட்டம். முன்பு மாந்தோப்பு. ஜவ்வாது மலை அடிவாரத்துக்கே உரிய மரங்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஞாயிறு காலை நடை, பிள்ளைகளுக்கு வகுப்பு, நடுநடுவே எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்குக் கைவேலை. சம்பளம் ஒரு டம்ளர் மோர்.

வேலூரைப் பற்றிய கேலி எல்லோருக்கும் தெரியும். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் சாமி மட்டும் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மலையைப் பற்றிய கேலியை நாமே நம்பிவிட்டோம். பாறை இடுக்கில் வேர்விட்டு நிற்கிற துரிஞ்சியையும் வெப்பாலையையும் யாரும் மரக்கணக்கில் சேர்ப்பதில்லை.

மழைக்காலத்தில் வந்தால் எல்லாம் ஒரே பச்சை, எது எதென்று பிரித்துச் சொல்ல வராது. இந்த மாதத்தில் ஒவ்வொரு மரமும் தனித்தனி வேலையில் இருக்கிறது. புங்கன் பழைய இலையைக் கொட்டி, பளபளவென்று புது இலை விட்டு, பூவையும் உதிர்க்கிறது. அடியில் பொரி கொட்டியதுபோலக் கிடந்தது. வாகையில் போன வருஷத்து நெற்றுகள் காற்றுக்குச் சலசலக்க, மேலே புதுப்பூ. இலுப்பைக்குப் பூக்காலம் முடிந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. அது இரவில் பூத்து விடியற்காலையில் உதிரும். வௌவால்தான் அதற்கு மகரந்தம் சுமக்கும் ஆள். விசிறிப் பாட்டி, "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று ஆரம்பித்து, சின்ன வயதில் அந்தப் பூவைப் பொறுக்கி வறுத்துத் தின்ற கதையைச் சொன்னார். நடைக்குப் பொறுப்பான தாவரவியல் ஆசிரியை தன் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல வழிகாட்டிக்கு அது அழகு.

எட்டேகாலுக்கு முடித்தோம். அதற்கு மேல் நிற்க முடியாது.

மே 8, வியாழன்

பேப்பரில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் நம் ஊர் தவறாமல் இருக்கிறது. நடை நேரத்தை ஐந்தே முக்காலாக மாற்றிவிட்டார்கள். புதுக்கன்றுகளுக்கு வைக்கோல் மூடாக்கு போட வேண்டும், வைக்கோல் இன்னும் வரவில்லை.

மே 11, ஞாயிறு

பிள்ளைகள் வகுப்பு. எட்டிலிருந்து பன்னிரண்டு வயது. முதல் கால் மணி நேரம் யாரும் யாரையும் கேட்கவில்லை.

மரத்தின் உயரத்தை ஏறாமல் அளப்பது எப்படி என்பதுதான் முதல் பாடம். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு நீளமோ அதே அளவு குச்சி பிடிக்குமேல் நிற்கும்படி செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பிறகு குச்சியும் மரமும் அடியும் நுனியும் ஒத்துப்போகும்வரை பின்னால் நடக்க வேண்டும். ஒத்துப்போன இடத்திலிருந்து மரத்தடிக்கு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதுதான் உயரம். ஒரு பையன் பின்னாலேயே போய் வேலியில் முட்டி, "ஆன்ட்டி, இந்த மரம் ரொம்ப ஒசரம், தோட்டத்துக்குள்ள அடங்கல" என்றான்.

சுற்றளவை நாலரை அடி உயரத்தில் அளப்பார்கள், 1.37 மீட்டர். அடிமரத்தில் அளந்தால் வேர்ப் புடைப்பு கணக்கைக் கெடுக்கும். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு. விடுமுறையில் வகுத்தலா என்று முனகல்.

அப்புறம் சரக்கொன்றை. முழு மரமும் மஞ்சளாகத் தொங்குவதைப் படமெடுக்காத ஆள் இல்லை. ஒற்றைப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆளுக்கொரு பூவையும் ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்தோம். ஐந்து இதழ். நடுவில் பத்து மகரந்தத் தாள்கள், ஆனால் பத்தும் ஒன்றுபோல் இல்லை. மூன்று நீண்டு கொக்கியாக வளைந்திருக்கின்றன. நான்கு குட்டையாக நடுவில். மீதி மூன்று சுண்டிப்போன மாதிரி. பெரிய கருவண்டு வந்து குட்டைத் தாள்களைக் கட்டிப்பிடித்து உடம்பை உதற, நம் காதுக்கே கேட்கும்படி ஒரு ரீங்காரம். அந்த உதறலில் மகரந்தம் கொட்டுகிறது. குட்டைத் தாளில் இருப்பது வண்டுக்குச் சாப்பாடு. நீளத் தாளில் இருப்பது அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. தேன் கொடுக்காமல் வேலை வாங்குகிற பூ. ஒரு பெண் குழந்தை மட்டும் வெகுநேரம் வண்டைப் பார்த்தபடி மரத்தடியில் நின்றாள். அவள் அம்மா மூன்று முறை கூப்பிட்டார்.

பூவோடு பூவாகப் போன வருஷத்துக் கருங்காய்களும் தொங்குகின்றன. காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

மே 17, சனி

ஆணி பிடுங்கும் நாள்.

சாலையோர மரங்களில் விளம்பரத் தகடு அடிப்பவர்களைத் திட்டுகிறோம். இந்தத் தோட்டத்திலும் ஆதிகாலப் பெயர்ப் பலகைகளெல்லாம் ஆணியில்தான். பெரிய புங்கனில் இருந்த தகரப் பலகையின் இடப்பக்கம் பட்டைக்குள் போய்விட்டது. 'புங்' தெரியவில்லை, 'கன்' மட்டும் வெளியே. பட்டையின் உதடு தகரத்தின் விளிம்பை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்திருக்கிறது. விரலால் தடவினால் வழவழப்பான தடித்த மடிப்பு. தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டு, "அத்த இன்னாத்துக்கு இப்ப நோண்டறீங்க, மரமே துன்னுட்ச்சி. உட்ருங்க" என்றார். விட்டுவிட்டோம். உள்ளே போனதைத் தோண்டினால் காயம் இன்னும் பெரிதாகும், பூஞ்சை நுழையும்.

மற்றவற்றைக் குறட்டால் பிடுங்கி, புதுப் பலகைகளை ஸ்பிரிங் வைத்த அலுமினியக் கம்பியில் கட்டினோம். மரம் பருக்கப் பருக்க ஸ்பிரிங் விரிந்து கொடுக்கும். பலகையில் தமிழ்ப்பெயரும் தாவரவியல் பெயரும் எழுதுகிறோம், இரண்டும் தமிழ் எழுத்தில். பெயிண்ட் அடிப்பதற்குத்தான் ஆள் போட்டி. குறடு பிடிக்க யாரும் வருவதில்லை.

மாலையில் அந்தி நடை. புளியமரப் பொந்திலிருந்து இரண்டு புள்ளி ஆந்தைகள் எட்டிப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டின. பதிலுக்கு நாங்களும் ஆட்டினோம்.

மே 18, ஞாயிறு

மூடாக்கு. வைக்கோல் வந்துவிட்டது. கழுத்தெல்லாம் அரிப்பு.

மே 25, ஞாயிறு

இந்தக் கோடையில் எனக்குப் பிடித்த வகுப்பு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். வகுப்பெடுக்க மாட்டேன் என்று ஒரு மாதமாக நழுவிக்கொண்டிருந்தவர், இன்று ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பாடம் சந்தனம்.

ஜவ்வாது மலை என்றாலே சந்தனம்தான் என்று பேர். ஆனால் வந்திருந்தவர்களில் பலர் சந்தன மரத்தை நின்று பார்த்ததில்லை. பார்த்ததும் ஏமாற்றம். எதிரெதிர் இலை, சாதாரணக் கிளை, முகர்ந்தால் வாசமே இல்லை. வாசம் வைரத்தில்தான், அதாவது மரத்தின் நடுக்கட்டையில். வைரம் பிடிக்கவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும், நன்றாகப் பாய முப்பது வருஷம்கூட ஆகலாம். பூ கடுகைவிடச் சற்றுப் பெரிது. விரியும்போது வெளிறிய மஞ்சள், பிறகு கருஞ்சிவப்பு. ஒரே கொத்தில் இரண்டு நிறமும் இருந்தன.

அக்கா ஒரு பாலித்தீன் பையைக் கிழித்தார். உள்ளே இரண்டு செடி: ஒன்று சந்தனம், இன்னொன்று துவரை. மண்ணை பக்கெட்டில் மெதுவாக அலசி வேரைத் தூக்கிக் காட்டினார். சந்தனத்தின் வெள்ளை வேர் துவரை வேரைத் தொடும் இடத்தில் குட்டி மணிபோல ஒரு முண்டு. அதை நகத்தால் தள்ளிப் பார்த்தேன், வரவில்லை, கவ்விப் பிடித்திருக்கிறது. அந்த முண்டு வழியாகத்தான் துவரையின் தண்ணீரையும் உப்புச் சத்தையும் சந்தனம் உறிஞ்சுகிறது. இலை பச்சையாக இருப்பதால் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். பாதி ஒட்டுண்ணி.

"தனியா நட்டா ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்கும், அப்புறம் சோந்துரும். தொவர போனப்புறம் பக்கத்துல சவுக்கோ புங்கனோ வேணும்மா" என்றார். வீட்டுக்கு ஒரு சந்தனக்கன்று என்று வாங்கிப்போய்ச் சிமெண்டுத் தரைக்கு நடுவில் நட்டவர்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பழுத்த பழம் கருநீலம், தலையில் ஒரு வட்டத் தழும்பு. குயிலும் சின்னானும் தின்று விதை பரப்பும். மலையில் யாரும் விதைக்காத இடத்திலெல்லாம் அது முளைக்கும் ரகசியம் அதுதான். பறவை எச்சமிடுவதும் இன்னொரு மரத்தின் கிளையில் உட்கார்ந்துதானே? பற்றிக்கொள்ள வேர் தயாராக இருக்கிறது.

முடிக்கும்போது யாரோ தலைமுடிக்கு என்ன போடலாம் என்று கேட்க, அக்கா துரிஞ்சி இலையை ஒரு கை உருவிக் கொடுத்தார். நிழலில் காயவைத்துப் பொடித்தால் அரப்பு. சந்தனத்துக்கு வராத கேள்விகள் அரப்புக்கு வந்தன. அரை மணி நேரம் கூடுதலாக ஓடியது.

மே 28, புதன்

கத்திரி நிவர்த்தி என்று காலண்டர் சொல்கிறது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

உண்ணிச்செடி அகற்றினோம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று மலையடிவாரம் முழுக்கப் புதர். மேலே வெட்டினால் பத்து கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் இரண்டு மூன்று விரல் ஆழத்தில் வேரை வெட்டித் தூரை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வெட்டுமுன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்ப்பது விதி. ஒரு புதரில் சின்னான் முட்டையிட்டிருந்தது. சிவப்புத் துணி கட்டி விட்டுவிட்டோம்.

ஓய்வு நேரத்தில் கல்லூரி மாணவர்கள் விதைப்பந்து, அதாவது விதையை மண்ணில் உருட்டிக் காய வைத்த உருண்டை, போடலாமே என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கம்மி. பிசைய ஜாலியாக இருக்கும், படமும் நன்றாக வரும். நம் காய்ந்த மலையில் அதை எறும்பும் அணிலும் தின்றதுபோக, மிஞ்சியது ஒரு தூறலுக்கு முளைத்து அடுத்த வெயிலுக்குக் கருகும். அதே விதையைப் பையில் போட்டு ஒரு வருஷம் வளர்த்து, மழைக்கு நட்டுத் தண்ணீர் ஊற்றினால் மரம். அதற்கு ஒரு வருஷம் யாராவது வர வேண்டும், அதுதான் சிக்கல். மாணவர்களில் இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். பார்ப்போம்.

ஜூன் 15, ஞாயிறு

பள்ளி திறந்துவிட்டது, பிள்ளைகள் கூட்டம் குறைவு. கருவண்டுப் பெண் மட்டும் அப்பாவோடு வந்திருந்தாள். நாவல் மரத்தடியில் எல்லோருக்கும் நாக்கு ஊதா.

இன்று விதை வகுப்பு. விதைகளில் காத்திருப்பவை உண்டு, காத்திருக்காதவை உண்டு. கொன்றைக்கும் வாகைக்கும் கெட்டித் தோல். வருஷக்கணக்கில் டப்பாவில் கிடக்கும். அவற்றைக் கல்லில் லேசாகத் தேய்த்தோ வெந்நீரில் போட்டு இரவு ஊறவிட்டோதான் எழுப்ப வேண்டும். வேம்பும் இலுப்பையும் அப்படியில்லை. வேப்பங்கொட்டை சில வாரங்களுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்தால் எண்ணெய்க்குத்தான் ஆகும். பழம் விழும் இந்த ஆனி மாதத்திலேயே பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். காக்கையும் மைனாவும் சதையைத் தின்று துப்பிய கொட்டை இன்னும் வசதி, கழுவும் வேலை மிச்சம்.

பெரியவர் மண் கலந்து கொடுத்தார்: செம்மண், மணல், மக்கிய தொழுவுரம். அதைப் பைகளில் போட்டு, நாற்றங்கால் மேடையில் பாதியை நிரப்பினோம். பை தீர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் அரை லிட்டர் பால் கவர் இருந்தால் கழுவி எடுத்து வாருங்கள், அடியில் ஓட்டை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். உங்கள் தெருவில் வேப்பம்பழம் விழுந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் புழுங்கிப்போகும், துணிப்பை போதும். ஆறரைக்குத் தொடங்குகிறோம்.