தாதிக், ட்ரோன், கியூம்ரி ரயில்

எந்த ஊர் என்று கேட்டான். இந்தியா என்றேன். அது பார்த்தாலே தெரிகிறது, இந்தியாவில் எந்த ஊர் என்றான். சென்னை என்றேன். ஏதோ ஓர் ஊர் போல என்று தலையாட்டிவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பிவிட்டான். சும்மா இருந்திருக்கலாம், ஆனால் வாய் நிற்கவில்லை. "முன்னாடி மெட்ராஸ்னு பேர்" என்றேன்.

பட்டென்று மடிக்கணினியை மூடினான். "மெட்ராஸா? அஸ்தரார்!"

ஆர்மேனியாவின் தலைநகர் யெரெவானிலிருந்து கியூம்ரிக்குப் போகிற ரயில், 2024 அக்டோபர். எதிர் சீட்டில் இருபத்து மூன்று வயசுப் பையன், நல்ல ஆங்கிலம், காதில் பெரிய ஹெட்போன். அஸ்தரார் என்றால் என்னவென்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் மானம் போயிருக்கும். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை அது, 1794-ல் நம் மெட்ராஸில் அச்சானது. நடத்தியவர் ஹாருத்யுன் ஷ்மாவோன்யான் என்கிற பாதிரியார். பாரிமுனைப் பக்கம் இருக்கிற ஆர்மேனியன் தெருவை நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்களே, அங்கே 1772-ல் கட்டிய ஆர்மேனியக் கோவில் வளாகத்தில்தான் அவர் கல்லறையும் இருக்கிறது. இதெல்லாம் சொன்னேன். போட்டோ இருக்கா என்றான். இல்லை. அந்தத் தெருவில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், உள்ளே போனது ஒரே ஒரு முறை, அதுவும் மழைக்கு ஒதுங்க. அவன் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படித்த விஷயத்தை நான் குடைக்குப் பதிலாக உபயோகித்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லவில்லை.

அப்புறம் என்ன, இறங்கும் வரைக்கும் பேச்சுதான். என்னை 'அக்பெர் ஜான்' என்று கூப்பிட ஆரம்பித்தான். முதலில் அக்பர் என்றுதான் காதில் விழுந்தது. அக்பெர் என்றால் சகோதரன், ஜான் என்பது நாம் கண்ணு, செல்லம் என்று ஒட்டுவது மாதிரி.

இந்த வண்டியில் இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும். யெரெவானைத் தாண்டியதும் அரராத் மலை கூடவே வரும். ஆர்மேனியாவின் அரசுச் சின்னத்தில் இருக்கிற மலை, ஆனால் நிற்பது துருக்கியில், எல்லை 1993-லிருந்து மூடிக்கிடக்கிறது. நான் போன் எடுத்து வளைத்து வளைத்துப் படம் எடுக்க, அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலது பக்கம் மெட்சமோர் அணுமின் நிலையத்தின் கூலிங் டவர்கள் வந்தபோதுதான் கை நீட்டிக் காட்டினான். 1988 பூகம்பத்துக்குப் பிறகு அடுத்த வருஷம் பயந்துபோய் அதை மூடினார்கள், 1995-ல்தான் திரும்ப ஓடியது. நடுவில் போர், எல்லை அடைப்பு, குளிரில் ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரம்தான் கரண்ட். அந்த வருஷங்களுக்கே அங்கே 'இருண்ட வருஷங்கள்' என்று பெயர். அவனுடைய அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தவர். "அரராத்தை எல்லாருக்கும் பிடிக்கும். எங்க அம்மாவுக்கு இந்த டவரைத்தான் பிடிக்கும்" என்றான்.

சரி, அவன் வேலை என்ன? பகலில் ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு, வீடியோ அழைப்புகளில் நாய் குரைப்பதையும் மிக்ஸி ஓடுவதையும் வடிகட்டுகிற மென்பொருள். யெரெவானில் இது கிட்டத்தட்ட உள்ளூர்த் தொழில், இதே வேலை செய்கிற கிரிஸ்ப் கம்பெனி அங்கே வளர்ந்ததுதான், போட்டோ திருத்துகிற பிக்ஸ்ஆர்ட்டும் அப்படியே. இவர்களுக்கெல்லாம் முன்னால் 1956-லேயே மெர்கெல்யான் என்ற கணித மேதையின் தலைமையில் கணினி ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கி நைரி வரிசைக் கணினிகளைச் செய்திருக்கிறார்கள். ஏதோ நேற்று முளைத்த ஐடி ஊர் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு இது ஒரு குட்டு.

ராத்திரியில் அவனுக்கு வேறு வேலை. பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான், சோப்பு டப்பா அளவு. நாலு மூலையிலும் நாலு மைக், ஒவ்வொன்றின் தலையிலும் காற்றுச் சத்தம் தடுக்க ஸ்பாஞ்சுத் தொப்பி, அது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டியது என்பது மஞ்சளும் பச்சையுமாகப் பளிச்சென்று தெரிந்தது. சின்ன ட்ரோனின் சத்தத்தைத் தனியாகப் பிரித்து, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். சொல்கிறதா? "சில நூறு மீட்டருக்குள்ளே வந்தா சொல்லும். ஸ்கூட்டர் வந்தாலும் சொல்லும், அதான் பிரச்சனை." புல் வெட்டுகிற மெஷின், ஹேர் டிரையர் எல்லாவற்றையும் ட்ரோன் என்று சத்தியம் செய்கிறதாம்.

ஆண் பிள்ளை என்றால் பதினெட்டு வயதில் ராணுவம், இவனுக்கு 24 மாதம். 2019 கோடையில் சேர்ந்தான், சிக்னல் பிரிவு. 2020 செப்டம்பர் 27-ல் அஜர்பைஜானோடு கராபாக் பகுதிக்கான போர் தொடங்கும்போது வயது பத்தொன்பது. 44 நாள். ஆர்மேனியத் தரப்பில் மட்டும் மூவாயிரத்து எண்ணூறு பேர் அளவுக்குச் செத்தார்கள், அதில் எத்தனையோ பேர் இவனைப் போலக் கட்டாய சேவைக்கு வந்த பையன்கள். இரண்டு நாள் முன்னால்தான் யெராப்லூர் குன்றுக்குப் போயிருந்தேன், ராணுவக் கல்லறை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொடி, கல்லில் செதுக்கிய முகம். பிறந்த வருஷங்களைப் படித்துக்கொண்டே நடந்தேன், 2000, 2001, 2001, 2002. கேமராவை எடுக்கவில்லை.

போரைப் பற்றி அவனிடம் நானாகக் கேட்கவில்லை, அவனும் நிறையச் சொல்லவில்லை. ஒரு வகை ட்ரோன் விழுவதற்கு முன்னால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், எல்லாரும் மேலே பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது என்றான். துருக்கியின் பைரக்தார் இன்னும் மோசம், அவ்வளவு உயரத்தில் பறக்கும்போது சத்தமே கேட்காது. "அதுக்கு இந்தப் பெட்டி உதவாது. உதவும்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல." ஒரு முதலீட்டாளர், பெயர் வேண்டாம், பெட்டியைப் பார்த்துவிட்டு முதல் ஸ்லைடில் நீ சீருடையில் நிற்கிற போட்டோவைப் போடு, நல்லா எடுபடும் என்றாராம். இவன் போடவில்லை. பணமும் வரவில்லை.

நானும் அந்த முதலீட்டாளர் ரகம்தான் போல. 'ராணுவம் இவனை எஞ்சினியர் ஆக்கியது' என்று அப்போதே நோட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டான், படித்துக் காட்டினேன், சிரித்தான். "ராணுவம் எனக்கு இன்டகிரல் மறக்கக் கத்துக்குடுத்துச்சு, அக்பெர் ஜான்." திரும்பி வந்தபோது குளிரில் விறைத்த விரலால் கம்பியை ஒட்டத் தெரியும், பேட்டரியை சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டத் தெரியும், கணக்கு சுத்தமாகப் போய்விட்டது. இவனோடு வேலைக்குப் போட்டி போடுகிற வேறு நாட்டுப் பையன் அந்த இரண்டு வருஷத்தில் பாதி டிகிரி முடித்துவிட்டிருப்பான். சத்தத்தின் மேல் ஆசை வந்ததே ராணுவத்துக்கு முன்னால், டூமோவில். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை பிள்ளைகளுக்கு இலவசமாகத் தொழில்நுட்பம், அனிமேஷன், இசை எல்லாம் சொல்லித் தருகிற மையம், 2011-ல் யெரெவானில் தொடங்கியது, கியூம்ரியிலும் உண்டு. ரோபோ வகுப்பில் கூட்டம் என்று இவன் இசைப்பதிவுக்குப் போனான். அவ்வளவுதான் பூர்வகதை. கராபாக்கின் ஸ்தெபனாகெர்த்திலும் ஒரு டூமோ இருந்தது. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் கராபாக்கைப் பிடித்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனிய ஜனங்கள் ஒரு வாரத்துக்குள் அந்த மண்ணை விட்டுக் கிளம்பியதோடு அதுவும் போயிற்று. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

பாரம்பரியம் என்ற பேச்சை எடுத்தாலும் இதே கதிதான். மாதெனதாரான் சுவடி நூலகத்தில் 28 கிலோ எடையுள்ள தோல் சுவடி ஒன்றைப் பார்த்துவிட்டு உருகிப்போயிருந்தேன். ஒட்டோமான் துருக்கியில் ஆர்மேனியர்கள் மீது நடந்த 1915 படுகொலைகளின்போது, அங்கே மூஷ் ஊர்ப் பக்கத்து மடத்திலிருந்து இரண்டு பெண்கள் அதைக் கண்டெடுத்து, தூக்க முடியாததால் இரண்டாகப் பிரித்து, ஆளுக்குப் பாதியாகச் சுமந்திருக்கிறார்கள். ஒருத்தி தன் பாதியை ஆர்மேனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் வரைக்கும் கொண்டு சேர்த்தாள். இன்னொருத்தி வழியில் புதைத்துவிட்டு இறந்துபோனாள், அந்தப் பாதி பிற்பாடு கிடைத்தது. உலகத்தின் முதல் பேக்கப் என்று நான் சொல்ல, அவன் தலையை ஆட்டி மறுத்தான். பேக்கப் என்றால் இரண்டு முழுப் பிரதி வேண்டும், இது ஒரே கோப்பை இரண்டாக உடைத்தது, ஒன்று தொலைந்தால் இரண்டுமே வீண். "ஆபத்தான டிசைன்" என்றான். சொன்னவன் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கியூம்ரியில் இறங்கியதும் தாதிக்கைப் பார்க்க வா என்று இழுத்துப்போனான். தாதிக் என்றால் பாட்டி, தாத்தா இல்லை. டுஃப் என்கிற கறுப்பு எரிமலைக் கல்லில் கட்டிய பழைய வீடுகள் வரிசையாக நிற்க, நடுநடுவே பல் விழுந்த மாதிரி வெற்றிடங்கள், 1988 டிசம்பர் 7 பூகம்பத்தின் வேலை. பாட்டி வீடும் அன்று விழுந்தது. அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் 'தோமிக்' என்கிற தகர டப்பா வீட்டில் குடும்பமே வாழ்ந்திருக்கிறது, தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்தது. பாட்டியின் அம்மா இதே ஊரில் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1920-களில் அமெரிக்கர்கள் நடத்திய அந்த இல்லங்களில் இருபதாயிரத்துக்கும் மேல் குழந்தைகள் இருந்ததால் ஊருக்கே அனாதை நகரம் என்று பெயர் வந்தது.

பாட்டி என் கன்னத்தைப் பிடித்து 'சாவ்த் தானெம்' என்றார். உன் வலியை நான் எடுத்துக்கிறேன் என்று அர்த்தமாம். எனக்கு அப்போது வலி என்று பார்த்தால் புதுச் செருப்புக் கடி மட்டும்தான். மேசையில் லவாஷ் ரொட்டி, சீஸ், கறுப்புக் காபி. பையன் பெட்டியை பால்கனியில் வைத்து ஆன் செய்தான், பிறகு இன்னொரு மைக்கை எடுத்துச் சீஸ் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். இது மூன்றாவது வேலை. பாட்டி பேசுவது யெரெவான் பேச்சு இல்லை, இன்று துருக்கியில் இருக்கிற எர்சுரூம் பக்கத்துப் பழைய வழக்கு. 'போகிறேன்' என்பதற்கு யெரெவானில் க்னும் எம், பாட்டி வாயில் கெர்த்தாம். பேச்சை எழுத்தாக்குகிற மென்பொருள் எதற்கும் கெர்த்தாம் புரியவில்லை, அதனால் வாரம் ஒரு தடவை வந்து பாட்டியைப் பதிவுசெய்து பழக்குகிறான். இதில் பணம் வருமா என்று கேட்டேன், நாமெல்லாம் கேட்கிற கேள்விதானே. வராது என்றான். ட்ரோன் பெட்டியைக் காட்டி அதிலும் வராது என்றான். "ரெண்டும் ஒரே புரோகிராம்தான். இரைச்சலைத் தள்ளு, குரலைப் பிடி. பாட்டிக்கு ஒரு மாதிரி, ட்ரோனுக்கு ஒரு மாதிரி."

காபி முடிந்ததும் பாட்டி என் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, காய்ந்த வண்டலைப் பார்த்துக் குறி சொல்ல ஆரம்பித்தார். பேரன் மைக்கை இன்னும் கிட்டே நகர்த்தினான். ஒரு நீள வழி தெரிகிறது, வழியில் தண்ணீர், அப்புறம் என்று அவர் இழுத்த இடத்தில் கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் சடசடவென்று போனது. பால்கனியில் பெட்டி சிவப்பாக மின்னி அலற ஆரம்பித்தது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு வந்து, தாதிக் ஜான், கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு, பதிவாகல என்றான்.

பாட்டி கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார். குறி இரண்டாவது தடவை சொன்னால் பலிக்காதாம்.