கத்தி வைப்பதற்கு முன் ஏழு வாரங்கள்

அப்பாவின் உடலில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது பல ஆண்டுகளாகத் தெரியும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடுவோம். சென்ற ஆண்டு ஆவணியில் அப்படிப் பார்த்தபோதுதான் கல்லீரலின் வலப்புறம் 4 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிந்தது. ஊரிலேயே அவசரமாக ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினோம். அறுவை மருத்துவரோ, அது ஒரே கட்டத்தில் எடுத்த படம், அதை வைத்து முடிவெடுக்க இயலாது என்று சொல்லி, மூன்று கட்ட ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

செலவழித்த பணமும் நான்கு நாட்களும் வீணாயினவே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் புற்றுக் கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தை உறிஞ்சியே வளர்கிறது. ஆகவே இரத்தம் பாயும் இடங்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் காண்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றிய அரை நிமிடத்தில் கட்டி பளிச்சென்று வெளுத்துத் தெரியும். ஒரு நிமிடம் கடந்தபின் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துவிடும். அந்தந்த நொடியில் படம் பிடித்தால்தான் அது இன்னதென்று துணிந்து சொல்ல முடியும்.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊசி போட்டார்கள். மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு இறங்கியதாகவும், சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று கூசிப்போனதாகவும் அப்பா வெளியே வந்து சொன்னார். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவர் அவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

போர்ட்டல் சிரைக்குள் கட்டி நுழையவில்லை என்று அறிக்கை வந்தது. நுரையீரல் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. ஆனால் கல்லீரலின் இடப்புறம் 8 மி.மீ. அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. அதுவும் புற்றாக இருந்தால் திட்டமே மாறிவிடும் என்றார்கள். அதற்காக எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதற்கென உள்ள மருந்தை ஏற்றி இருபது நிமிடம் பொறுத்தால், நல்ல கல்லீரல் செல்கள் அதை உள்வாங்கி ஒளிரும். புற்றுக் கட்டி பெரும்பாலும் இருண்டே நிற்கும். அந்தச் சிறு புள்ளி சுற்றியிருந்த கல்லீரலோடு சேர்ந்து ஒளிர்ந்தது. மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டியபோது அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான் அறிந்தே இராத இன்னொரு கணக்கும் இருந்தது. கட்டி முதன்மைக் குழாய்களை ஒட்டியிருந்ததால் வலப்புறம் முழுவதையும் எடுக்க வேண்டும். மிஞ்சும் பகுதியை ஸ்கேன் படத்திலேயே அளந்து பார்த்ததில் 31 விழுக்காடுதான் வந்தது. அப்பாவுடையதைப் போல சிரோசிஸ் உள்ள, அதாவது தழும்பேறி இறுகிப்போன, கல்லீரலில் 40 விழுக்காடாவது மிஞ்ச வேண்டும் என்றார் மருத்துவர். எனவே வலப்புறம் செல்லும் போர்ட்டல் கிளையை ஊசி வழியே அடைத்து, அந்த இரத்தமும் இடப்புறம் திரும்பி அப்பகுதி வளரக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றிலும் கொடியது; உள்ளே கட்டி இருக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. ஐந்தாவது வாரம் மீண்டும் ஸ்கேன் எடுத்து அளந்தபோது 42 விழுக்காடு வந்திருந்தது. அன்றே அறுவைக்குத் தேதி குறித்தார்கள்.

அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர், கல்லீரலின் மீதே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து இன்னொரு முறை முழுவதும் பார்த்த பிறகே வெட்டத் தொடங்கியதாகவும், படங்களில் கண்டதற்கு மேல் எதுவும் இல்லை என்றும் சொன்னார்.