முதல் முக்கால் மணி நேரம்

மாநாட்டுப் பேச்சைத் தவறவிட்டால் பிறகு காணொளியில் பார்த்துக்கொள்ளலாம். பட்டறை அப்படியில்லை, உட்கார்ந்து கை வைத்தால்தான் உண்டு. திறந்த மூல வரைபட மென்பொருள்களுக்காக ஊர் ஊராகப் போகும் ஃபாஸ் ஃபோர் ஜி மாநாட்டில் (2018இல் தாருஸ் ஸலாம், 2022இல் ஃபுளோரன்ஸ்) பட்டறைகளுக்கென்றே தனி நாட்களை ஒதுக்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். எங்களுடையது அதில் கால்வாசிகூட இல்லாத உள்ளூர்க் கூட்டம். அதற்கும் பட்டறைகள் வேண்டும், திட்டமிடும் வேலை இந்த முறை என் தலையில்.

போன முறை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 40 பேர், ஒரே வைஃபை. "கியூஜிஐஎஸ் இன்ஸ்டால் செய்துகொண்டு வாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தோம், பாதிப் பேர் படிக்கவே இல்லை. கியூஜிஐஎஸ் என்பது வரைபடம் செய்யும் இலவச மென்பொருள், விண்டோஸுக்கான அதன் கோப்பு ஒரு ஜிபிக்கும் மேல். எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? முக்கால் மணி நேரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதனால் இந்த முறை இணையமே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் திட்டம். எட்டு பென்டிரைவ்களில் மென்பொருள், தரவு இரண்டையும் போட்டுக் கையில் கொடுத்துவிடுவோம். பழைய லேப்டாப்போடு வருபவர்களுக்கு, இந்த மென்பொருள்களெல்லாம் அடங்கிய லினக்ஸான ஓஎஸ்ஜியோலைவ் இருக்கிறது, பென்டிரைவிலிருந்தே பூட் ஆகிவிடும், எதையும் நிறுவ வேண்டாம். தரவு எல்லாம் ஜியோபேக்கேஜ் வடிவத்தில், ஒரே கோப்பில். பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும் ஷேப்ஃபைல் வடிவத்தில் கொடுத்தால் .எஸ்எச்பி-யை மட்டும் நகலெடுத்துக்கொண்டு "சார், திறக்கவில்லை" என்று நான்கு பேராவது வருவார்கள். பின்னணி வரைபடத்தையும் நாங்களே எம்பிடைல்ஸாக, அதாவது வரைபடத் துண்டுகளை அடக்கிய ஒரே கோப்பாகத் தயாரித்து வைக்கிறோம். எல்லோரும் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்தத் துண்டுகளைத் தரும் டைல் சர்வர் நன்கொடையில் ஓடுவது, ஒரே அறையிலிருந்து 40 பேர் அதைப் போட்டு இழுப்பது நியாயமில்லை.

அடுத்த தலைவலி பயிற்சியாளர்கள். நான்கு மணி நேரத்தில் போஸ்ட்ஜிஐஎஸ் (இடத் தரவைச் சேமிக்கும் தரவுத்தளம்), ஜியோசர்வர் (அதை இணையத்தில் தருவது), லீஃப்லெட் (இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டுவது) மூன்றையும் சொல்லித்தருவேன் என்று ஒரு நண்பர் எழுதி அனுப்பியிருந்தார். அண்ணே, லீஃப்லெட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வந்தவர் கையில் ஓடுகிற ஒன்று இருக்க வேண்டாமா?

என் பட்டறையில் ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். பேருந்து நிறுத்தங்களைச் சுற்றி 500 மீட்டர் பஃபர், அதாவது வட்டம், போடச் சொல்வேன், தரவு இபிஎஸ்ஜி 4326 என்ற அட்சரேகை, தீர்க்கரேகை முறையில் இருக்கும். அதில் அலகு பாகை. 500 என்று அடித்தால் 500 பாகை, உலகத்தையே விழுங்கும் ஒரு பூதம் திரையில் வந்து நிற்கும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் புரொஜெக்‌ஷன் பற்றிப் பேசினால் காது கொடுப்பார்கள், அதற்கு முன்னால் பேசினால் கொட்டாவிதான். நம் ஊரில் இது இன்னும் சுவாரசியம், ஏனென்றால் உலகத்தைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே போகிறது. கோவைக்காரருக்கு 43, சென்னைக்காரருக்கு 44, பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் காப்பியடித்தால் மாட்டிக்கொள்வார்.

பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர். அவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: மவுஸைப் பிடுங்காதே. வாயால் சொல், எத்தனை நேரமானாலும் சரி.

இப்போது பாக்கி இருப்பது மின்சாரம். அறையில் மொத்தம் ஆறு பிளக் பாயின்ட், அதில் ஒன்று புரொஜெக்டருக்குப் போய்விடும். தெருமுனை சவுண்ட் சர்வீஸ்காரரிடம் 12 எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டிருக்கிறேன். தருகிறேன் என்றார், அன்றைக்கு முகூர்த்தநாள் இல்லையென்றால். காலண்டரைப் பார்த்தேன். முகூர்த்தநாள்தான்.