ஸ்லோ குக்கரில் பீச் காப்ளர்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பீச் பழங்கள் மே மாதமே வரத் தொடங்கிவிடும் என்றாலும், முதலில் வருகிற வகைகளில் சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கொட்டை எளிதாகக் கழன்றுவிடும் பழங்கள் வரும் ஜூன் கடைசிவரை நான் காத்திருப்பேன். அந்த வெயிலில் ஓவனை ஒரு மணி நேரம் எரியவிட மனம் வருவதில்லை. ஆகவே சில ஆண்டுகளாக, பழத்தின்மேல் மாவை வைத்து வேகவிடும் இனிப்பான காப்ளரை, மின்சாரத்தில் மெதுவாகச் சமைக்கும் பாத்திரமான ஸ்லோ குக்கரில்தான் செய்கிறேன்.

முதல் முறை பழத்தையும் மாவையும் ஒன்றாக வைத்து மூடினேன். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தபோது, மாவின் மேற்புறம் நீர் கோத்துக் கிடந்தது. அடிப்புறம் வேகவே இல்லை. யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. அமெரிக்காவில் குடியேறியவர்கள் ஓவன் இல்லாமலேயே, கனத்த இரும்புச் சட்டியில் காப்ளர் செய்தார்கள். ஆனால் சட்டியின் மூடிமேலும் தணலைப் பரப்பியதால் மாவுக்கு மேலிருந்தும் சூடு கிடைத்தது. ஸ்லோ குக்கரிலோ சூடு பக்கவாட்டிலிருந்தும் அடியிலிருந்தும் மட்டுமே வருகிறது. 1940இல் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்ஸன், லித்துவேனிய யூதர்கள் ஓய்வுநாளுக்காக ரொட்டிக்கடை அடுப்பில் இரவெல்லாம் வேகவிடும் சோலண்ட் என்ற குழம்பைப் பற்றித் தம் தாயார் சொன்னதைக் கேட்டுத்தான் அதை உருவாக்கினார். ஈரம் வெளியேறாமல் காப்பதே அதன் வேலை. குழம்புக்கு அது வரம், மாவுக்கு அது கேடு.

இட்லிப் பானையின் மூடியிலிருந்து நீர் சொட்டி இட்லி சொதசொதத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கான தீர்வும் தெரிந்திருக்கும்: மூடிக்கு அடியில் ஒரு பருத்தித் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். துணியின் முனைகள் குக்கரின் சூடான உடலில் படாதவாறு அவற்றை மூடியின் மேல் மடித்து முடிந்துவிடுவது அவசியம்.

எட்டுப் பழங்களைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலுரித்து, துண்டுகளாக்கி, அரை கப் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளார்), ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலந்து, வெண்ணெய் தடவிய குக்கரில் உயர் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல், ஓரங்களில் சாறு குமிழியிடும்வரை வைக்கிறேன். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கக் கூடாது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடனே வேலையைத் தொடங்கிவிடும். மெதுவாகச் சூடேறும் பழத்தின்மேல் மாவை வைத்தால், மாவு இறுகுவதற்குள் அதன் வீரியம் பெருமளவு தீர்ந்துவிடும். ஆகவே பழம் கொதித்த பிறகே ஒன்றரை கப் மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் கப் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றில் 85 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிர்த்துப் பிசிறி, அரை கப்புக்குச் சற்று அதிகமாகப் பால் விட்டுக் கலந்து, கரண்டி கரண்டியாக இடைவெளி விட்டு வைக்கிறேன். பிறகு துணி கட்டி மூடி, ஒன்றேகால் மணி நேரம் திறக்காமல் விடுகிறேன்.

மேற்பரப்பு பொன்னிறமாகாது, ஏனென்றால் நீராவி நிறைந்த பாத்திரத்தில் அவ்வளவு சூடு ஏறுவதில்லை. நிறத்துக்காக மாவின்மேல் நாட்டுச் சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவுகிறேன். மணத்துக்கும் அது நல்லது. குச்சியைக் குத்திப் பார்த்து ஒட்டாமல் வந்தால், குக்கரை அணைத்து, மூடியை எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அதற்குள் சாறு கெட்டிப்பட்டுவிடும். வெனிலா ஐஸ்கிரீமுடன் பரிமாறுவதற்கு அதுவே சரியான சூடு.